கதவு தட்டப்படும் பக்கம்

எல்லோரும் முன்கூட்டியே ஊகித்துவிட்ட ஒரு முடிவை, அதே முடிவு தன் வீட்டிலும் நேர வேண்டுமென்று காத்திருக்கும் ஒருத்திக்குப் படித்துக் காட்டலாமா? படித்துக் காட்டிய பிறகு அது நேராமல் போனால், படித்தவளுக்கு அதில் பங்கு உண்டா? இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் ஒரு கோடைப் பிற்பகல் என்முன் வைத்த கேள்வி இது. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்து முடித்து வந்திருந்த எனக்கு, கேள்விகளை வகைப்படுத்தத் தெரியும். இந்தக் கேள்வியை எந்த வகையிலும் சேர்க்க முடியவில்லை.

அப்போது நான் காரைக்காலில், அரசலாறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்திலிருந்த ஒரு மீனவர் குடியிருப்பில், பெண்களுக்கான வாசிப்பு மையம் ஒன்றை நடத்திவந்தேன். நடத்திவந்தேன் என்று சொல்வது கொஞ்சம் அதிகம். ஒரு தகரப் பெட்டி நிறைய சிறு நூல்களும், ஒரு கரும்பலகையும், நெடுங்காட்டிலிருந்து பேருந்தில் வந்து இறங்கும் நானும்தான் அந்த மையம். இடம், வலைகளைப் போட்டுவைக்கும் கீற்றுக் கொட்டகை. காலையில் சந்தைக்குக் கூடை கொண்டுபோன பெண்கள் பிற்பகலில் திரும்பி, குளித்து, மணலில் காயும் கருவாட்டைக் காக்கை கொத்தாமல் பார்த்துக்கொள்வதற்காக அந்தக் கொட்டகையில்தான் உட்காருவார்கள். அவர்கள் எப்படியும் உட்காரும் இடத்துக்கு நான் போய் உட்கார்ந்தேன், அவ்வளவே.

அந்த நேரத்தை இப்போது நினைத்தால் வெளிச்சம்தான் முதலில் வருகிறது. கீற்றின் ஓட்டைகள் வழியாக விழும் வெயில் வட்டங்கள், வலைக் குவியலின் மேல் மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கும். உப்புக் காற்றில் கண் தானாகவே பாதி மூடும். விழித்திருக்கிறோமா, கனவுக்குள் உட்கார்ந்திருக்கிறோமா என்று தெரியாத ஒரு நிலையில் எல்லோருடைய குரலும் சற்றுத் தள்ளி ஒலிக்கும்.

தகரப் பெட்டியிலிருந்த நூல்கள் எல்லாம் நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்டவை. கைகழுவுதல், சிறுசேமிப்பு, தடுப்பூசி. அவற்றை வரிசையாகப் படித்து முடித்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கியபோது, கூட்டத்தில் மூத்தவரான மீன்கார அம்மா எழுந்து நின்றுவிட்டார். அவரை நாங்கள் எல்லோரும் பெரியம்மா என்றுதான் அழைப்போம்.

"டீச்சர், நாங்க கை கழுவிட்டோம். நேத்திக்கும் கழுவினோம், இன்னைக்கும் கழுவிட்டுத்தான் வந்துருக்கோம். வேற எதாவது படிங்க."

"வேற என்ன பெரியம்மா படிக்கிறது?"

அதற்காகவே காத்திருந்தவர் போல, மடியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். நாகப்பட்டினம் பேருந்தில் யாரோ இருக்கையில் விட்டுப்போனது. அட்டையில் உடைந்த கண்ணாடியில் பாதி முகம் தெரியும் ஒரு பெண். பேருந்து நிலையக் கடைகளில் கயிற்றில் தொங்குமே, அந்த வகை மாத நாவல். 'உளவியல் மர்மம்' என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது.

"இந்தப் பொண்ணுக்கு என்னா ஆச்சுன்னு தெரியணும்" என்றார் பெரியம்மா. "ஒரு வாரமா மூஞ்சியப் பாத்துக்கிட்டே இருக்கேன்."

ஊருக்குத் திரும்பும் பேருந்திலும், வீட்டுக்கு வந்தபின் விளக்கு வைக்கும் வரையிலும் உட்கார்ந்து அதை முழுவதும் படித்துவிட்டேன். பொதுவில் படிப்பதற்கு முன் ஒரு நூலின் விளைவுகளை யோசிப்பது என் கடமை என்று நம்பியிருந்த காலம் அது. மலை ஊரில் ஒரு பங்களா. ஏரியில் படகு கவிழ்ந்து கணவன் மறைந்துபோகிறான். உடல் கிடைக்கவில்லை. மனைவிக்கு வீட்டுக்குள் அவனுடைய காலடிச் சத்தம் கேட்கத் தொடங்குகிறது. மேசைமேல் அவனுடைய கைக்கடிகாரம் ஈரமாக இருக்கிறது. மனநல மருத்துவர், அது அவளுடைய கற்பனை என்கிறார். கடைசியில், கணவன் சாகவே இல்லை, மனைவியைப் பைத்தியமாக்கிச் சொத்தை எடுத்துக்கொள்ள மருத்துவரோடு சேர்ந்து அவன் நடத்திய நாடகம் அது என்று தெரிகிறது. அவன் தப்பி ஓடும்போது அதே ஏரியில் விழுந்து உண்மையாகவே சாகிறான்.

என் தீர்ப்பு கடுமையாக இருந்தது. திருப்பங்கள் எல்லாம் தூரத்தில் வரும் பேருந்தைப் போல முன்பே தெரிந்துவிடுகின்றன. நடை சீராக இல்லை. முதல் பாதி முழுவதும் அவள் சன்னலோரம் உட்கார்ந்து மழையைப் பார்க்கிறாள், காப்பி ஆறிப்போகிறது, மறுபடி காப்பி போடுகிறாள். பிற்பாதியில் சில பக்கங்களுக்குள் கொலை, கைது, தப்பித்தல் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு நடக்கின்றன. எழுதியவருக்குப் பொறுமை தீர்ந்ததோ பக்கம் தீர்ந்ததோ தெரியவில்லை. ஆனாலும் தீங்கு ஒன்றும் இல்லை என்று முடிவு செய்து, மறுநாள் படிக்கத் தொடங்கினேன்.

உடல் கிடைக்கவில்லை என்ற வரி வந்ததுமே பெரியம்மா கையைத் தட்டினார்.

"அவன் சாவல."

"எப்படிச் சொல்றீங்க?"

"பொணம் ஒதுங்கலையே டீச்சர். ஒதுங்காத வரைக்கும் சாவல. இது கூடவா தெரியாது?"

மற்றவர்களும் தலையாட்டினார்கள். நாவலை எழுதியவருக்கு அது ஒரு தந்திரம். இவர்களுக்கு அது தெருவில் நடந்திருக்கும் விஷயம். கடல் உடலைத் திருப்பித் தராத வீடுகளில் மனைவி உடனே எதையும் கழற்றுவதில்லை. பெரியவர்கள் கூடி, இனி ஆக வேண்டியதைச் செய்யலாம் என்று சொல்லும்வரை காத்திருப்பாள். அந்த இடைக்காலத்துக்குத் தமிழில் ஒரு சொல் இருக்கிறதா என்று நான் தேடியிருக்கிறேன். கிடைக்கவில்லை.

முதல் கொலை நடக்கும் அத்தியாயத்தை எடுத்தபோதுதான் அந்தத் தெருவின் கட்டுப்பாடு எனக்குத் தெரியவந்தது. தோட்டக்காரன் கிணற்றடியில் கிடக்கிறான் என்று தொடங்கினேன். பெரியம்மா கையை நீட்டிப் புத்தகத்தின் மேல் வைத்துவிட்டார்.

"நிறுத்துங்க. போட்டெல்லாம் இன்னும் கடல்ல கெடக்கு."

சில நாட்கள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கும் வேலையைத் தங்கல் என்பார்கள். தங்கலுக்குப் போன படகுகள் அன்று கரை திரும்பவில்லை. ஆண்கள் கடலில் இருக்கும்போது அந்தத் தெருவில் சாவைப் பற்றி வாய் திறக்கக் கூடாது.

"கதைதானே பெரியம்மா?"

"கதையா இருந்தா என்னா? வாய்ல வந்து காத்துல போற வார்த்ததானே. இன்னைக்கி மழ பேயுற பக்கம் படிங்க. அந்தப் பொண்ணு காப்பி போடுவாளே, அது."

அப்படித்தான் அந்த நாவல் எங்கள் கொட்டகையில் வாசிக்கப்பட்டது. படகுகள் வெளியே இருந்த பிற்பகல்களில் மழையும் சன்னலும் காப்பியும். படித்ததையே திரும்பப் படித்தாலும் யாரும் குறை சொல்லவில்லை. வெயில் வட்டங்கள் வலைமேல் நகர, எங்கோ மலையில் பெய்த மழையை அவர்கள் கண் மூடிக் கேட்டார்கள். படகுகள் திரும்பிய நாட்களிலோ ஏலம், கூடை, சமையல் என்று யாருக்கும் நேரமில்லை. "சுருக்கா படிங்க டீச்சர், அடுப்புல ஒலை கெடக்கு" என்பார்கள். இரண்டு கொலைகளையும் ஒரு கைதையும் மூச்சுவிடாமல் படித்து முடிப்பேன். நூலின் குறையாக நான் கண்ட அந்தச் சீரற்ற நடை, அந்தக் கொட்டகையில் இடறவே இல்லை. காத்திருக்கும் நாட்கள் நீளமாகவும் திரும்பிவரும் நாட்கள் அவசரமாகவும் இருப்பதுதான் அங்கே வழக்கம்.

கூட்டத்தில் என் வயதொத்த ஒருத்தி இருந்தாள். மணமாகி அதிக காலம் ஆகவில்லை. எழுத்துகளைத் தனித்தனியாக அடையாளம் காண்பாள். சேர்த்துப் படிக்க வராது. நான் படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, புரியாத வரிகளின் மேல் பார்வையை ஓட்டிக்கொண்டிருப்பாள். கணவனோடு அவளுக்குத் தினம் ஒரு சண்டை. அதைக் கொட்டகையில் நடித்துக் காட்டுவதில் அவளுக்கு இணை கிடையாது. "இவரு கட்டுன லுங்கிய இவருக்கே தேடத் தெரியாது டீச்சர், இதுல கடல்ல மீனத் தேடுறாராம்" என்று அவள் சொன்னால் பெரியம்மா சிரித்துச் சிரித்துப் புரையேறிப்போவார்.

அந்தக் கோடையில் ஒரு முறை தங்கலுக்குப் போன படகுகளில் ஒன்று மட்டும் திரும்பவில்லை. அது அவள் கணவன் போன படகு.

காற்று திடீரென்று மாறியது என்றார்கள். கோடியக்கரைக்குக் கிழக்கே கடைசியாகப் பார்த்தோம் என்றார்கள். மற்ற படகுகள் தேடிப் போய் வெறுமனே திரும்பின. அலுவலகங்களுக்கு மனு எழுத நானும் கூடப் போனேன். அதற்குப் பிறகு செய்ய எதுவும் இல்லாமல் போயிற்று.

எங்கள் நெடுங்காட்டிலும் காத்திருப்பு உண்டு. ஆற்றில் தண்ணீர் வருமா என்று வாய்க்கால் கரையில் நின்று பார்க்கும் ஆண்டுகள் அவை. ஆனால் வாய்க்கால் காய்ந்திருந்தால் காய்ந்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். கடல் அப்படி இல்லை. ஒருவன் திரும்பினாலும் திரும்பாவிட்டாலும் அதே நீலத்தில், அதே ஒளியோடு கிடந்தது.

அவள் கொட்டகைக்கு வருவதை நிறுத்தவில்லை. சிரிப்பதை மட்டும் நிறுத்தியிருந்தாள். பிற்பகலில் பூக்கார அம்மா வரும்போது, பெரியம்மா எல்லோருக்கும் சேர்த்துப் பூ வாங்கிக் கிள்ளித் தருவது வழக்கம். ஒரு நாள், அவள் முறை வந்தபோது பெரியம்மாவின் கை ஒரு கணம் நின்றது. தயங்க வேண்டும் என்று நினைத்து நின்ற கை அல்ல அது. தானாக நின்றுவிட்டது. அவள் கையை நீட்டி, அந்தப் பூவைத் தானே எடுத்துக் கொண்டையில் வைத்துக்கொண்டாள். அவள் வீட்டில் மாமனார் வகைப் பெரியவர்கள் ஆக வேண்டியதைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கரையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக நம்பிக்கையைக் கைவிட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசி ஆளாக அவள் நின்றாள்.

அன்றைக்குத்தான் அவள் என்னிடம் கேட்டாள்.

"டீச்சர், அந்தக் கதைய எடுங்க."

நாவலை நான் பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன். சுகாதார நூல்களுக்குத் திரும்பியிருந்தோம். யாரும் குறை சொல்லவில்லை என்பதே அந்த நாட்களின் கனத்தைச் சொல்லும்.

"வேணாம்மா" என்றார் பெரியம்மா. "அது நல்ல கதை இல்ல."

"அவன் உயிரோட வர்ற எடம் ஒண்ணு இருக்குல்ல? நீங்கதானே சொன்னீங்க, அவன் சாவலன்னு. அந்த எடத்த மட்டும் படிக்கச் சொல்லுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த இடம் இருந்தது. மழை பெய்யும் ஒரு மாலையில் கதவு தட்டப்படுகிறது, அவள் திறக்கிறாள், அவன் நனைந்து நிற்கிறான். அடுத்த பக்கத்திலேயே அவன் எப்படிப்பட்டவன் என்பது வந்துவிடும். அதற்கும் அடுத்த சில பக்கங்களில் ஏரி. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். படித்தால், ஒரு மலிவான நாவலின் தந்திரத்தை அவளுடைய நம்பிக்கைக்குத் தூணாக நட்டதாக ஆகும். அவன் வராவிட்டால் அந்தத் தூண் அவள் மேலேயே விழும். படிக்காவிட்டால், கரையில் எல்லோரும் சொல்லாமல் சொல்வதை நானும் சொன்னதாக ஆகும். இரண்டில் எது குறைந்த தீங்கு என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தது ஒன்றுதான். கேட்பது அவள். அவளிடம் மறைக்காமல் சொல்லிவிட்டு, முடிவை அவளிடமே விட வேண்டும்.

"படிக்கிறேன்" என்றேன். "ஆனா ஒண்ணு சொல்லிடுறேன். அவன் உயிரோட வர்றான். வந்தாலும் அவன் நல்லவன் இல்ல. அவளப் பைத்தியமாக்கினதே அவன்தான்."

"அது தெரியும் டீச்சர்" என்றாள். "ஈர வாட்ச்சு வந்தப்பவே தெரியும். கெட்டவனா இருந்தா இருந்துட்டுப் போறான். மொதல்ல வரட்டும். வந்தாத்தானே சண்ட போட முடியும்?"

பெரியம்மாதான் முதலில் சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அடி இவளே, லுங்கிச் சண்டைக்கா இவ்ளோ அவசரம்?" என்றார். அவளும் சிரித்தாள். பல நாட்களுக்குப் பிறகு.

படித்தேன். மழை, வாசல் விளக்கு, மூன்று தட்டல்கள், தாழ்ப்பாளின் சத்தம், நனைந்த உருவம். 'நான்தான்' என்று அவன் சொல்லும் வரியில் அவள் கையை உயர்த்தினாள்.

"போதும். இதுக்கு மேல வேணாம்."

மறுநாளும் அதே பக்கத்தைக் கேட்டாள். அதற்கு மறுநாளும். சில நாட்களில், நான் தொடங்கும் முன்பே பெண்கள் அந்த வரிகளை முணுமுணுக்கத் தொடங்கிவிட்டார்கள். கருவாட்டு வாசனையும் வெயிலும் கலந்த அந்தப் பிற்பகல்களில், ஒருவரும் பார்த்திராத ஒரு மலைப் பங்களாவின் கதவை நாங்கள் எல்லோரும் சேர்ந்து தட்டிக்கொண்டிருந்தோம். என்ன வரும் என்று தெரிந்தே கேட்டோம். திரும்பத் திரும்ப, சொன்ன இடத்தில் சொன்னபடி அவன் வந்து நின்றான். வெளியே எதுவும் சொன்னபடி நடக்காத ஒரு மாதத்தில், அந்த ஒரு பக்கம் மட்டும் எங்களை ஏமாற்றவில்லை. அவள் இப்போது வெறுமனே பார்வையை ஓட்டவில்லை. விரலை வரியின்மேல் வைத்து, வாய் சொல்வதை விரலால் பின்தொடர்ந்துகொண்டிருந்தாள்.

பெரியம்மாவும் அதற்குப் பிறகு பூ கிள்ளும்போது தயங்கவில்லை. முதல் துண்டு அவளுக்குத்தான் போயிற்று.

வீட்டுப் பெரியவர்கள் கூடுவதற்கு நாள் குறித்திருந்த வாரத்தில், கோயிலுக்குப் பக்கத்திலிருந்த தொலைபேசிக் கடைக்கு ஓர் அழைப்பு வந்தது. கடைக்காரர் மணலில் செருப்பில்லாமல் ஓடிவந்ததை நான் கொட்டகையிலிருந்து பார்த்தேன். படகின் எஞ்சின் பழுதாகி, நீரோட்டம் அவர்களைக் கடல் எல்லை தாண்டி அக்கரைக்கு இழுத்துப்போயிருந்தது. அந்த நாட்டுக் காவலர்கள் பிடித்து வைத்திருக்கிறார்கள். எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள். இதைப் படிப்பவர்கள் இந்த இடத்தை முன்பே ஊகித்திருப்பார்கள். நாங்களும் எத்தனையோ முறை ஊகித்திருந்தோம், வாய்விட்டுப் படித்தும் இருந்தோம். ஆனாலும் செய்தியைக் கேட்டபோது அந்தத் தெரு முழுவதும் அழுதது. தெரிந்த முடிவு வந்து சேரும்போது அதற்கு எடை குறைவாக இருக்கும் என்று நான் எங்கே கற்றேன் என்று தெரியவில்லை. அது தவறான பாடம்.

கோப்புகள் நகர்ந்து, அனுமதிகள் வந்து, அவர்கள் ஊர் திரும்ப மேலும் சில வாரங்கள் ஆயின. அவன் மெலிந்து, கறுத்து, யாருடையதோ ஒரு சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து இறங்கினான். அடுத்த நாளே சண்டை. அவள் கொட்டகைக்கு வந்து நடித்துக் காட்டினாள்.

"அங்க சோறு நல்லா போட்டாங்களாம் டீச்சர். என் சோத்துல உப்பு பத்தலையாம். இதச் சொல்லத்தான் அக்கரையிலேர்ந்து வந்துருக்காரு."

"டீச்சர் அப்பவே சொன்னாங்கல்ல" என்றார் பெரியம்மா, "வந்தவன் நல்லவன் இல்லன்னு."

தங்கல் படகுகள் எல்லாம் கரையில் நின்ற ஒரு நாளில், மிச்சமிருந்த பக்கங்களைப் படித்து முடித்தோம். மருத்துவர் பிடிபட்டார். கணவன் ஏரியில் விழுந்தான். ஒருவரும் தடுக்கவில்லை, ஒருவரும் வருந்தவுமில்லை.

"கடைசில ரொம்ப அவசரப்பட்டுட்டாரு எழுதினவரு" என்றார் பெரியம்மா. "ஒலை வச்சிட்டு எழுதுனாரு போல."

அந்த நாவலின் அந்த ஒரு பக்கத்தின் வழியாகத்தான் அவள் எழுத்துகளைச் சேர்த்துப் படிக்கக் கற்றாள். மனப்பாடமாகத் தெரிந்த வரிகளில் 'கதவு' எங்கே இருக்கிறது, 'மழை' எங்கே இருக்கிறது என்று விரலால் தேடித் தேடி, பிறகு அதே சொற்களை வேறு பக்கங்களிலும் கண்டுபிடித்தாள். நான் பெட்டி நிறைய வைத்திருந்த நூல்கள் செய்யாததை அது செய்தது. அதற்காக அதை நல்ல நாவல் என்று சொல்ல மாட்டேன். திருப்பங்கள் முன்பே தெரிகின்றன, நடை சீராக இல்லை என்ற என் தீர்ப்பு இன்றும் அப்படியேதான் இருக்கிறது. அவற்றைக் குறை என்று எழுதுவதை மட்டும் விட்டுவிட்டேன்.

மையத்தில் அதன் பிறகு ஒரு மாற்றம் வந்தது. புதிய கதை எதைத் தொடங்கினாலும் கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிடுவோம். அதற்குப் பிறகுதான், அந்தக் கதை வேண்டுமா, எந்த நாளில் எந்தப் பக்கம் என்று பெண்கள் முடிவு செய்வார்கள். அந்தக் கடைசிப் பக்கத்தைப் படிப்பவள் அவள்.